மென்மையான யோகப் பயிற்சி: அசைவு, மூச்சு, தியானம் மூன்றையும் ஒரே அமர்வில் செய்யும் முறை

யோகா பழகத் தொடங்குகிறவர்கள் ஆசனங்களில் அதிகம் தடுமாறுவதில்லை. எதற்குப் பிறகு எதைச் செய்வது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். எழுந்ததும் கண்ணை மூடித் தியானத்துக்கு உட்காருவார்கள். இரண்டாவது நிமிடத்திலேயே முதுகு வலிக்கும், மனம் எங்கோ ஓடும். "எனக்குத் தியானம் வராது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். வேறு சிலர் உடலை நன்றாக வளைத்து நீட்டிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே எழுந்து அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

இங்கே சொல்லப்போவது ஏறத்தாழ 40 நிமிடப் பயிற்சி. முதலில் அசைவு, பிறகு படுத்த ஓய்வு, அப்புறம் மூச்சு, கடைசியில் தியானம். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். அசைவு உடலின் இறுக்கத்தைக் குறைக்கிறது. இறுக்கம் குறைந்த உடலில் மூச்சு தானாகவே நீளும். மூச்சு அடங்கிய பிறகு தியானத்துக்கு உட்கார்ந்தால் மனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

1. முதலில் உங்கள் உடல்நிலையைப் பாருங்கள்

எளிய பயிற்சிதானே என்று இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். சில உடல்நிலைகளுக்குச் சில அசைவுகள் ஒத்துவராது.

உயர் இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மூச்சை அடக்கிப் பிடிக்கவே கூடாது. தலை இதயத்தைவிடக் கீழே போகும் நிலைகளும் அவர்களுக்கு வேண்டாம். க்ளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் விழித்திரையில் பாதிப்பு உள்ளவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். தலை கீழே போனால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும்.

எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை வளைத்துக் குனிவதையும், முதுகெலும்பைத் திருகுவதையும் விட்டுவிட வேண்டும். வளைந்த நிலையில் முள்ளெலும்புகளின் முன்பக்கத்தில் பாரம் கூடும். அடர்த்தி குறைந்த எலும்பு அதைத் தாங்காது.

கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கர்ப்பத்தின் நடுப்பகுதிக்குப் பிறகு நீண்ட நேரம் மல்லாந்து படுப்பது நல்லதல்ல. கருப்பையின் எடை பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றலைத் தரலாம். இந்த வழிகாட்டியில் மல்லாந்து செய்யச் சொல்லும் அசைவுகளை விட்டுவிட்டு, ஓய்வுக்கு மட்டும் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கலாம்.

அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், முதுகிலிருந்து காலுக்கு வலியோ மரத்துப்போதலோ இறங்குகிறவர்களும் மருத்துவரின் சம்மதம் இல்லாமல் எதையும் தொடங்க வேண்டாம்.

ஒரு வித்தியாசத்தை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். தசையின் நடுப்பகுதியில் மெல்லப் பரவுவது இழுப்பு, அது இருக்கலாம். மூட்டிலோ முதுகெலும்பிலோ சுரீர் என்று வருவது வலி. அதைப் பொறுத்துக்கொண்டு தொடரக் கூடாது, உடனே அந்த நிலையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

2. நேரம், வயிறு, பொருள்கள்

முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு 3 முதல் 4 மணி நேரம், சிற்றுண்டிக்குப் பிறகு 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். மூச்சை இழுக்கும்போது, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் என்னும் தசை கீழே இறங்க வேண்டும். வயிறு நிறைந்திருந்தால் அதற்கு இடமில்லை, மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிடும். தாகமாக இருந்தால் இரண்டு வாய் தண்ணீர் குடிக்கலாம்.

காலையோ மாலையோ, உங்களுக்குத் தொந்தரவில்லாத நேரம் எதுவும் சரி. ஆனால் காலையில் எழுந்தவுடன் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அந்த நேரத்தில் ஆழமாகக் குனிந்தால் அவற்றின் மீது அழுத்தம் அதிகம் விழும். எழுந்து நடமாடி ஒரு மணி நேரம் கழித்துச் செய்யலாம். முடியாவிட்டால் குனியும் இடங்களில் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேவையானவை வழுக்காத விரிப்பு ஒன்று, கெட்டியான போர்வை இரண்டு, தலையணை ஒன்று, சக்கரம் இல்லாத நாற்காலி ஒன்று. பக்கத்தில் வெறும் சுவர் இருந்தால் நல்லது. கட்டில் மெத்தையில் செய்ய வேண்டாம். மெத்தை அமுங்குவதால் உடல் தன் சமநிலையைத் தேடித் தேடித் தசைகளை இறுக்கிக்கொண்டே இருக்கும். காலுறையையும் கழற்றிவிடுங்கள்.

இவற்றையெல்லாம் தொடங்குவதற்கு முன்பே கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு நேரத்தில் போர்வையைத் தேடி எழுந்தால் அதுவரை வந்த அமைதி அதோடு போய்விடும். போனை ஒலியடக்கி, மெல்லிய ஓசையுள்ள டைமர் மட்டும் வையுங்கள். திடுக்கிட வைக்கும் அலாரம் வேண்டாம்.

3. அசைவுகளுக்கெல்லாம் ஒரே விதி

உடல் நிமிரும்போதும் மார்பு விரியும்போதும் மூச்சை இழுங்கள். குனியும்போதும் மடங்கும்போதும் திரும்பும்போதும் மூச்சை விடுங்கள். மூச்சை விடும்போது வயிறு உள்ளே போவதால் மடங்குவதற்கு இடம் கிடைக்கிறது. மாற்றிச் செய்து பார்த்தால் உடலே முட்டும்.

அடுத்தது இன்னும் முக்கியம். மூச்சு முதலில் தொடங்க வேண்டும், ஒரு கணம் கழித்து அசைவு தொடங்க வேண்டும். அசைவு முதலில் நிற்க வேண்டும், ஒரு கணம் கழித்து மூச்சு முடிய வேண்டும். அதாவது அசைவு முழுவதும் மூச்சுக்குள் அடங்கியிருக்க வேண்டும். புதியவர்கள் கையை விருட்டென்று தூக்கி முடித்த பிறகுதான் மூச்சை இழுப்பார்கள். அப்படிச் செய்தால் அது வெறும் கை கால் வீச்சு.

இந்தப் பயிற்சியில் அளவுகோல் மூச்சுதான். எவ்வளவு தூரம் குனிந்தீர்கள், கை தரையைத் தொட்டதா என்பது கணக்கே இல்லை. மூச்சு விட்டு விட்டு வந்தாலோ, வாய் திறந்துகொண்டாலோ, தெரியாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாலோ அந்த அசைவு உங்களுக்கு அதிகம் என்று பொருள். அசைவைக் குறைத்தால் மூச்சு மறுபடியும் சீராகும். இழுப்பதும் விடுவதும் மூக்கு வழியாகவே நடக்கட்டும்.

ஒவ்வோர் அசைவையும் முதலில் 5 அல்லது 6 முறை போய் வந்து செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் அந்த நிலையில் 3 மூச்சுக்கு நிற்பது. எடுத்த எடுப்பில் இழுத்துப் பிடித்தால் தசை தன்னைக் காத்துக்கொள்ளச் சுருங்கும். போய் வந்து பழக்கினால் எதிர்க்காமல் இசையும்.

4. படுத்துத் தொடங்குங்கள் (4 நிமிடம்)

விரிப்பில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, பாதங்களை இடுப்பு அகலத்துக்குத் தரையில் ஊன்றுங்கள். கால்களை நீட்டிப் படுத்தால் பலருக்குக் கீழ்முதுகு தரையிலிருந்து எழும்பி இறுகும். மடித்து வைத்தால் அது தளரும்.

முகவாய் கூரையை நோக்கி நிமிர்கிறதா என்று பாருங்கள். நிமிர்ந்தால் போர்வையை மடித்துத் தலைக்குக் கீழே வையுங்கள். இந்தச் சின்னத் திருத்தம் செய்யாததால் பயிற்சி முழுவதும் கழுத்து இறுக்கத்தோடு இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

ஒரு கையை மார்பிலும் ஒரு கையை வயிற்றிலும் வையுங்கள். முதல் ஒரு நிமிடம் மூச்சை மாற்றாமல் எந்தக் கை எழும்புகிறது, எது அசையாமல் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பிறகு, வெளியே விடும் மூச்சை மெதுவாகக் கடைசி வரை போகவிடுங்கள். அது முழுதாக வெளியேறினால் அடுத்த மூச்சு தானாகவே வயிற்றுக்கு இறங்கும்.

இங்கே பரவலாகக் காணும் பிழை, வயிற்றை முயன்று உப்ப வைப்பது. வயிற்றுத் தசைகளைத் தள்ளுவது மூச்சாகாது. உதரவிதானம் இறங்குவதால் வயிறு எழும்ப வேண்டும், உங்கள் முயற்சியால் அல்ல.

5. தரையோடு சில அசைவுகள் (6 நிமிடம்)

படுத்தபடியே மூச்சை இழுத்துக்கொண்டு இரு கைகளையும் தலைக்கு மேலே கொண்டுபோங்கள். விட்டுக்கொண்டே பழைய இடத்துக்குக் கொண்டு வாருங்கள். கை தரையைத் தொட வேண்டியதில்லை. 6 முறை போதும். மூச்சோடு அசைவைச் சேர்க்கும் பழக்கம் இந்த எளிய அசைவில்தான் பிடிபடும். இது பிடிபடாமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

அடுத்து, மூச்சை விட்டுக்கொண்டே வலது முழங்காலை மார்பை நோக்கிக் கொண்டுவந்து இரு கைகளாலும் தொடையின் பின்புறத்தைப் பிடியுங்கள். இழுத்துக்கொண்டே விலக்குங்கள். 5 முறை. பிறகு இடது கால். முழங்காலின் மேல் பிடித்து அழுத்தினால் மூட்டில் நெருக்கம் கூடும். அதனால்தான் தொடையைப் பிடிக்கச் சொல்வது.

இப்போது பக்கவாட்டில் உருண்டு, கை ஊன்றி, மார்ஜாரி ஆசனத்துக்கு வாருங்கள். பூனைபோல நான்கு முனைகளில் நிற்பது. மணிக்கட்டு தோளுக்கு நேர் கீழே, முழங்கால் இடுப்புக்கு நேர் கீழே இருக்கட்டும். முழங்காலுக்கு அடியில் போர்வையை மடித்து வையுங்கள். மூச்சை இழுக்கும்போது மார்பு முன்னே விரிய, முதுகு மெல்லக் குழியட்டும். விடும்போது வயிற்றை உள்வாங்கி முதுகை மேலே வளையுங்கள். 6 முறை. எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை வளைக்காமல் நேராக வைத்துக்கொண்டு மூச்சை மட்டும் கவனிக்கலாம்.

இந்த ஆசனத்தில் பலரும் தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருப்பார்கள், முதுகு அசைந்திருக்காது. அசைவை வால் எலும்பிலிருந்து தொடங்குங்கள், தலை கடைசியாக வரட்டும். மணிக்கட்டு வலித்தால் கைமுஷ்டியை ஊன்றலாம். அதுவும் முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளைத் தொடைமேல் வைத்து இதே அசைவைச் செய்யலாம். பலன் குறையாது.

கடைசியாக, மூச்சை விட்டுக்கொண்டே இடுப்பைக் குதிகால்களை நோக்கிக் கொண்டுபோய்ப் பாலாசனத்தில் 4 மூச்சு இருங்கள். நெற்றி தரையை எட்டாவிட்டால் தலையணையில் வையுங்கள். தலை தாழக் கூடாதவர்கள் இதை விட்டுவிட்டு, நாற்காலி இருக்கையின் மேல் முன்கைகளை வைத்து அதில் நெற்றியைச் சாய்க்கலாம்.

6. நின்று செய்பவை (6 நிமிடம்)

எழும்போது அவசரம் வேண்டாம். ஒரு பாதத்தை முன்னே ஊன்றி, நாற்காலியைப் பிடித்து எழுந்து, இரண்டு மூச்சு அப்படியே நில்லுங்கள். தரையிலிருந்து சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் சற்று நேரம் தாழ்ந்து கண் இருட்டிக்கொண்டு வரலாம்.

தாடாசனத்தில் பாதங்களை இடுப்பு அகலத்துக்கு வைத்து, எடை குதிகாலிலும் பாதத்தின் முன்பகுதியிலும் சமமாக விழும்படி நில்லுங்கள். முழங்காலைப் பின்னே தள்ளிப் பூட்ட வேண்டாம். மூச்சை இழுத்துக்கொண்டு கைகளை மேலே உயர்த்தி, விட்டுக்கொண்டே இறக்குங்கள். 5 முறை. தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டால் கைகளை V வடிவில் அகட்டுங்கள்.

அடுத்தது சுவரில் அரை முன்குனிதல். சுவரை நோக்கி நின்று இரு உள்ளங்கைகளையும் மார்பு உயரத்தில் சுவரில் ஊன்றி, மூச்சை விட்டுக்கொண்டே பின்னோக்கி நடந்து, உடல் இடுப்பில் மடங்கும் வரை போங்கள். முழங்கால் சற்று மடங்கியே இருக்கட்டும். தொடையின் பின்பக்கத் தசைகள் இறுகியிருந்தால் அவை இடுப்பெலும்பைப் பின்னே இழுக்கும், முதுகு கூன் விழும். முழங்காலை மடித்தால் அந்தப் பிடி விட்டு முதுகு நேராகும். 4 மூச்சு நின்றுவிட்டு முன்னே நடந்து வாருங்கள். தலை தாழாமல் குனிதலின் பலன் கிடைப்பதால், கால் விரலைத் தொடும் முழுக் குனிதலைவிட இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

பிறகு பக்கவாட்டில் சாய்தல். வலக் கையை உயர்த்தி, மூச்சை விட்டுக்கொண்டே இடப்பக்கம் சாயுங்கள். இழுத்துக்கொண்டே நிமிருங்கள். பக்கத்துக்கு 4 முறை. விலாக்களுக்கு இடையில் விரிவு கிடைப்பதால் பின்னால் வரப்போகும் மூச்சுப் பயிற்சிக்கு இது நேரடியாக உதவும். உடல் முன்னே சரிந்தால் சாய்வைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சமநிலைக்கு விருட்சாசனத்தின் எளிய வடிவம் போதும். சுவரில் இரு விரல் வைத்து, ஒரு குதிகாலை மற்றக் கணுக்காலின் மேல் சாய்த்து, கால்விரல்கள் தரையிலேயே இருக்க 5 மூச்சு நில்லுங்கள். பார்வையை அசையாத ஒரு புள்ளியில் வையுங்கள். பாதத்தை எதிர்க்காலின் முழங்கால் மூட்டில் மட்டும் வைக்காதீர்கள். பக்கவாட்டு அழுத்தம் அந்த மூட்டுக்கு ஆகாது.

7. மீண்டும் தரைக்கு (5 நிமிடம்)

நின்ற நிலையிலிருந்து நேரே ஓய்வுக்குப் போனால் உடல் இன்னும் விழிப்பில் இருக்கும். அதனால் இடையில் இந்த மூன்று அசைவுகள்.

முழங்கால் மடித்து மல்லாந்து படுத்து, மூச்சை இழுத்துக்கொண்டே இடுப்பைச் சற்று உயர்த்துங்கள். விட்டுக்கொண்டே முதுகெலும்பை மேலிருந்து ஒவ்வொரு கணுவாகத் தரையில் இறக்குங்கள். இது சேதுபந்தாசனத்தின் சிறிய வடிவம். 5 முறை. உயரம் முக்கியமில்லை. இடுப்பு மேலே இருக்கும்போது தலையைத் திருப்பவே கூடாது, கழுத்தில் எடை இருக்கிறது. இரத்த அழுத்தம், கண் பிரச்சினை உள்ளவர்கள் இதை விட்டுவிடலாம்.

அடுத்து, கைகளை இருபுறமும் நீட்டி, மூச்சை விட்டுக்கொண்டே மடித்த முழங்கால்கள் இரண்டையும் ஒருபக்கமாகச் சாயுங்கள். தரையை எட்டாவிட்டால் தலையணையை அடியில் வையுங்கள். பக்கத்துக்கு 5 மூச்சு. எதிர்த் தோள் தரையை விட்டு எழும்பினால் முழங்கால் அதிகமாகப் போய்விட்டது என்று பொருள். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் இதைத் தவிர்க்கலாம்.

கடைசியில் இரு தொடைகளையும் அணைத்து, பக்கவாட்டில் மெல்ல ஆடுங்கள். அவ்வளவுதான்.

8. சவாசனம் (4 நிமிடம்)

கால்களை நீட்டிப் படுத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் கீழ்முதுகு தளரும். மேலே போர்வையைப் போர்த்திக்கொள்ளுங்கள். அசைவு நின்றதும் உடல் குளிரத் தொடங்கும். குளிரும் உடல் தளராது.

பாதத்திலிருந்து தொடங்கி ஒவ்வோர் உறுப்பாகக் கவனித்து வாருங்கள். தாடை, நாக்கு, கண்ணைச் சுற்றிய இடம் மூன்றிலும் சற்றுக் கூடுதலாகத் தங்குங்கள். மற்ற இடங்கள் தளர்ந்த பிறகும் இவை இறுக்கத்தை விடாமல் பிடித்திருக்கும்.

சவாசனத்தை ஏன் கடைசிக்கு வைக்கவில்லை என்று கேட்பார்கள். தியானத்துக்குப் பிறகு படுத்தால் புதியவர்கள் தூங்கிவிடுகிறார்கள், தியானத்தின் தெளிவும் அதில் கரைந்துவிடுகிறது. இங்கே வைத்தால் அசைவில் ஏறிய இதயத் துடிப்பு இறங்கிவிடும். அதற்கு மேல் தொடங்கும் மூச்சுப் பயிற்சி சிரமமில்லாமல் வரும். எழும்போது வலப்பக்கம் உருண்டு, இரண்டு மூச்சு இருந்து, கை ஊன்றி எழுங்கள்.

9. உட்காரும் முறையைச் சரிசெய்யுங்கள்

இதற்குத் தனியாக நேரம் ஒதுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூச்சும் தியானமும் பாழாவது பெரும்பாலும் இருக்கையால்தான்.

சம்மணமிட்டு உட்காருங்கள். முழங்கால்கள் இடுப்பைவிட உயரத்தில் நின்றால் போர்வையை மடித்து, தேவையானால் இரண்டையும் அடுக்கி, அதன் முன்விளிம்பில் உட்காருங்கள். இடுப்பு உயர்ந்ததும் முழங்கால் இறங்கும், முதுகு தானாக நிமிரும். தட்டையான தரையில் உட்கார்ந்தால் இடுப்பெலும்பு பின்னே சரிந்து முதுகு கூனிவிடும். அதை நிமிர்த்தியே வைத்திருப்பதில் கவனம் முழுவதும் செலவாகிவிடும்.

கால் மரத்துப்போகிறதா? அது பொறுமையைச் சோதிக்கும் பரீட்சை அல்ல, நரம்பும் இரத்த ஓட்டமும் அழுத்தப்படுகின்றன என்ற அறிவிப்பு. இன்னும் உயரமாக உட்காருங்கள், அல்லது நாற்காலிக்கு மாறுங்கள். நாற்காலியில் உட்காருபவர்கள் முதுகைச் சாய்க்காமல் முன்பக்கம் நகர்ந்து, இரு பாதங்களும் தரையில் முழுதாகப் படியும்படி உட்கார வேண்டும். தியானத்துக்கு நாற்காலி குறைவானது என்ற எண்ணம் தேவையில்லை.

10. மூச்சுப் பயிற்சி (7 நிமிடம்)

இந்தப் பகுதியில் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது, தவறு நேர்வதும் இங்கேதான் அதிகம்.

முதல் 1 நிமிடம் இயல்பான மூச்சைப் பாருங்கள். ஓய்வில் இருக்கும் பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார்கள். இந்தப் பயிற்சியில் அதை மெல்லக் குறைத்து, நாளடைவில் நிமிடத்துக்கு 6 அளவுக்குக் கொண்டுவரலாம். முதல் நாளே அங்கே போகப் பார்க்காதீர்கள்.

அடுத்த 2 நிமிடம் சமமூச்சு. மனத்துக்குள் 4 எண்ணி இழுங்கள், 4 எண்ணி விடுங்கள். இது எளிதாக வந்தால் அடுத்த 2 நிமிடம் 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்கள். விடும் மூச்சில் இதயத் துடிப்பு சற்றுக் குறையும். மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பின் வேலை அது. விடும் மூச்சை நீட்டினால் அமைதி தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆழமான மூச்சு என்றதும் பலர் நெஞ்சு புடைக்கப் பெரிய மூச்சாக இழுப்பார்கள். நமக்கு வேண்டியது மெதுவான மூச்சு, பெரிய மூச்சு அல்ல. பெரிய பெரிய மூச்சாக விட்டுக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் கரியமில வாயு தேவைக்கு மேல் குறைந்து தலை கிறுகிறுக்கும், உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் குறுகுறுப்பு வரும். சிலர் இதை ஏதோ சக்தி எழும்புவதாக எண்ணி மேலும் வேகமாகச் செய்கிறார்கள். அப்படித் தோன்றியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டு இயல்பான மூச்சுக்குத் திரும்புங்கள்.

எண்ணிக்கை நீளமாகிவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. விட்டு முடித்ததும் அடுத்த மூச்சை அவசரமாகப் பிடித்து இழுக்கிறீர்களா? நடுவில் பெருமூச்சு வருகிறதா? அப்படியானால் 6 வேண்டாம், 5 ஆக்குங்கள். 3 எண்ணி இழுத்து 4 எண்ணி விட்டாலும் சரிதான்.

கடைசி 2 நிமிடத்துக்கு நாடி சுத்தி அல்லது பிரமரி, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதல் சில வாரங்களுக்குப் பிரமரியே நல்லது. வாயை மூடி, பற்கள் ஒன்றையொன்று தொடாமல், விடும் மூச்சில் "ம்ம்ம்" என்று மெல்ல ரீங்கரியுங்கள். ஓசை இருக்கும்வரை மூச்சு நீளுவதால் எண்ண வேண்டிய தேவையே இல்லை. குரலை உயர்த்த வேண்டாம், உங்கள் காதுக்குக் கேட்டால் போதும்.

நாடி சுத்திக்கு வலக்கைப் பெருவிரலால் வல நாசியை மூடி இடது நாசியில் இழுங்கள். மோதிரவிரலால் இடது நாசியை மூடி வலதில் விடுங்கள். வலதிலேயே இழுத்து இடதில் விட்டால் ஒரு சுற்று. விரலால் மூக்கை நசுக்காமல் பக்கத்தில் இலேசாகத் தொட்டு மூடுங்கள். ஒரு நாசி சற்று அடைத்திருப்பது இயல்புதான், சில மணி நேரத்துக்கு ஒருமுறை அது இடம் மாறும். சளியால் முழுதாக அடைத்திருந்தால் அன்றைக்கு இது வேண்டாம்.

1:4:2 என்ற கணக்கில் (இழுப்பது 1 பங்கு, உள்ளே நிறுத்துவது 4 பங்கு, விடுவது 2 பங்கு) மூச்சை நிறுத்தச் சொல்லும் முறையைப் படித்துவிட்டுச் சிலர் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். அது நேரில் ஆசிரியர் இருந்து, நீண்ட பழக்கத்துக்குப் பிறகு செய்ய வேண்டியது. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுகளும் இந்த அமர்வில் சேராதவை. அமைதிக்காகக் கட்டிய வரிசையின் நடுவே அவை உடலைக் கிளப்பிவிடும்.

11. தியானம் (8 நிமிடம்)

முதல் வேலை, எண்ணிக்கையையும் மூச்சின் மேலுள்ள பிடியையும் விடுவது. இந்த இடத்தில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். மூச்சுப் பயிற்சி முடிந்த பிறகும் மூச்சை ஓட்டிக்கொண்டே இருப்பார்கள், எட்டு நிமிடமும் அதிலேயே போய்விடும். மூச்சு சின்னதாகவோ ஒழுங்கில்லாமலோ வந்தாலும் வரட்டும். இனி அதைப் பார்ப்பது மட்டும்தான் உங்கள் வேலை.

பார்க்கும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். நாசி நுனியில் காற்று படும் இடம், அல்லது வயிறு ஏறி இறங்கும் இடம். அமர்வுக்கு நடுவில் இடத்தை மாற்றாதீர்கள்.

பிடிமானம் வேண்டுமென்றால், ஒவ்வொரு மூச்சும் வெளியேறிய பிறகு 1, 2 என்று 10 வரை எண்ணிவிட்டு மறுபடியும் 1-க்கு வாருங்கள். இந்த எண் மூச்சை அளப்பதற்கு அல்ல, கவனம் எங்கே போனது என்று தெரிந்துகொள்ள. 14 என்று எண்ணிக்கொண்டிருப்பதைக் கண்டால் மனம் போய்விட்டது என்று தெரியும். கோபப்படாமல் 1-லிருந்து தொடங்குங்கள்.

எண்ணம் வந்தால் தியானம் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். மனம் போனதைக் கவனித்துத் திரும்பி வருவதுதான் இங்கே செய்யும் பயிற்சி. இருபது முறை போனால் இருபது முறை திரும்புங்கள். எண்ணமே வரக் கூடாது என்று நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்காருபவர்கள் தலைவலியோடுதான் எழுவார்கள்.

தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து, முன்னே தரையைப் பாருங்கள். பரபரப்பாக இருந்தால் சில நிமிடம் மூச்சைக் கவனிப்பதை நிறுத்திவிட்டுச் சுற்றியுள்ள ஓசைகளைக் கேளுங்கள். துயரமோ பயமோ பெருகி வந்தால் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, எழுந்து கொஞ்சம் நடங்கள். அடுத்தடுத்த நாள்களிலும் அப்படியே வந்தால் கண்ணைத் திறந்துவைத்து 2 நிமிடம் மட்டும் செய்யுங்கள், மனநல மருத்துவரிடமும் பேசுங்கள்.

டைமர் ஒலித்ததும் எழ வேண்டாம். விரல்களை அசைத்து, உள்ளங்கைகளைத் தேய்த்துக் கண்மேல் வைத்து, அந்த மறைவிலேயே கண்ணைத் திறங்கள். கால்களை நீட்டி உதறிவிட்டு எழுந்திருங்கள்.

12. நேரம் குறைவான நாளில்

15 நிமிடம்தான் இருக்கிறது என்றால் பலர் அசைவை மட்டும் செய்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவார்கள். அப்படி வெட்டாதீர்கள், எல்லாவற்றையும் சுருக்குங்கள். மார்ஜாரி ஆசனம், சுவரில் அரைக்குனிதல், படுத்துத் திரும்புதல் ஆகியவற்றுக்கு 6 நிமிடம். படுத்த ஓய்வு 2 நிமிடம். 4-க்கு 6 மூச்சு 3 நிமிடம். தியானம் 4 நிமிடம்.

இரவு தூங்கப் போகும் முன் செய்வதானால் நின்று செய்பவற்றை விட்டுவிடலாம். சேதுபந்தாசனமும் அப்போது வேண்டாம், பின்வளைதல் சிலருக்கு விழிப்பைக் கூட்டும். காய்ச்சல் இருக்கும் நாளில் அசைவு எதுவும் வேண்டாம். படுத்தபடி மூச்சைக் கவனித்தால் போதும்.

13. படிப்படியாகக் கூட்டுவது எப்படி

வாரத்துக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம் செய்வதைவிட, வாரத்தில் 5 நாள் 15 நிமிடம் செய்வது மேல். தசையும் மூச்சும் அடிக்கடி நினைவூட்டினால்தான் பழகும்.

முதல் 2 வாரம் அசைவையும் சவாசனத்தையும் மட்டும் முழுதாகச் செய்து, முடிவில் 2 நிமிடம் சும்மா உட்காருங்கள். 3-ஆம் வாரத்தில் சமமூச்சைச் சேருங்கள். அது எந்தத் திணறலும் இல்லாமல் ஒரு வாரம் வந்த பிறகு 4-க்கு 6. அதற்கும் பிறகுதான் தியானத்தை வாரத்துக்கு 1 நிமிடமாகக் கூட்டி 8-க்குக் கொண்டுவருவது. ஒரே வாரத்தில் இரண்டைக் கூட்டினால் எது ஒத்துவரவில்லை என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

நடுவில் பத்து நாள் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம். ஒரு படி கீழே இறங்கி, 4-க்கு 6-லிருந்து சமமூச்சுக்கும், 8 நிமிடத்திலிருந்து 5 நிமிடத்துக்கும் வந்து மூன்று நாள் செய்துவிட்டு மறுபடியும் ஏறுங்கள்.